எந்த மாசம் பூக்கும்

கீழே உரக்கடை, மேலே என் அறை.
திருத்துறைப்பூண்டியில் இரவு பத்தரை ஆனால்
அங்கே காலை ஒன்பது.
யூரியா நெடியோடு கணினியைத் திறந்து
பார்க்காத ஊருக்குப்
பார்க்காதவர்களின் மூட்டையைக் கட்டுகிறேன்.

முதலாளி க்ளென்னுக்கு வாயில் நுழையவில்லை வாலாம்பிகை.
வால் என்று கூப்பிடுகிறார்.
கடைமடைக்காரிக்குப் பொருத்தமான பெயர்தான்.

ஆளுக்கு ஐம்பது பவுண்டு.
அதற்கு மேல் ஒரு சீப்பைக்கூட
அந்தச் சின்ன விமானம் தூக்காது.
துப்பாக்கி தனிக் கணக்கு. தோட்டாவுக்கு வேறு பெட்டி.
தொடைவரை ஏறும் ரப்பர் பூட்ஸ்,
நனைந்தாலும் சூடு விடாத கம்பளி,
கொசுவலைத் தொப்பி.
அங்கேயும் கொசுவா என்று படித்த ராத்திரி
அந்த ஊர் முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.
சுட்ட பிறகு முதலில் கறி வெளியே வர வேண்டும்,
கொம்பு கடைசி நடையில்தான்.
கறியை அழுகவிட்டுக் கொம்பைத் தூக்கினால் வழக்கு.
இந்த வரியை மட்டும் தடித்த எழுத்தில் போடுகிறேன்.
யாரும் போடச் சொல்லவில்லை.

"ராத்திரியெல்லாம் என்ன வேலைம்மா?"
என்றார் கடைக்காரர் தெட்சிணாமூர்த்தி.
காரிபூ, என்றேன்.
"அது என்ன பூ? எந்த மாசம் பூக்கும்?"
ஆவணியில், என்றேன்.
வாடகை ரசீதை எழுதிக்கொண்டே தலையாட்டினார்.

ஒஹாயோவிலிருந்து டென்னிஸ் ஹாலவே.
அறுபத்தெட்டு வயது, வலது முழங்கால் உலோகம்.
ஒன்பது வருஷம் சேர்த்த பணம் என்று
முன்பணத்தோடு எழுதியிருந்தார், கேட்காமலே.
பிறகு கடிதம் கடிதமாகக் கேட்டார்.
கூடாரத்திலிருந்து மேடு எத்தனை அடி.
வழிகாட்டி மெதுவாக நடப்பானா.
கழிப்பறை.
கடைசியாக, வெட்கத்தோடு:
மந்தை வருமா, நிச்சயமாக?

லஸ்கர் எங்கள் வாய்க்காலுக்குச் சொன்ன பதில்
கைவசம் இருந்தது.
"மேட்டூர் தெறந்தாச்சும்மா. இங்க எப்ப வரும்னு
நான் வாய் குடுக்க முடியாது."
அதற்குக் கோட்டு மாட்டி, டை கட்டி
இங்கிலீஷில் அனுப்பினேன்.

அவர் போய் இறங்கிய வாரம்
கோரையாற்றில் முறை வைத்து விட்டார்கள் தண்ணீர்.
எங்கள் மூன்று மாவில்
ஒரு மூலைக்கு மட்டும் ஈரம் எட்டியது.
காலையில் போய்ப் பார்ப்பேன்: விரிசலில் நண்டு.
இரவில் வந்து பார்ப்பேன்,
செயற்கைக்கோள் போனிலிருந்து நாலு சொல்.
இன்றும் இல்லை. வடகாற்று.
இன்றும் இல்லை. மூடுபனி.
ஒரு நரி.
இன்றும் இல்லை, காபி தீர்ந்தது.

பத்தாம் நாள் விமானம் அவரை எடுத்துக்கொண்டது.
ஏறும்போது எடை போட்டார்கள்,
போன எடையைவிட ஆறு பவுண்டு குறைவு.
கறிக்கென்று நான் ஒதுக்கிய நூற்றிருபது பவுண்டில்
காற்று வந்தது.

பதினோராம் நாள் விமானி படம் அனுப்பினான்.
மலைச்சரிவு முழுக்கப் பழுப்பு,
சீமைக்கருவைக் காடு எழுந்து நடப்பதுபோலக் கொம்புகள்.
எண்ணப் பார்த்தேன். நாற்பதில் கண் வழுக்கிவிட்டது.
கீழே க்ளென் எழுதியிருந்தார்:
வால், இதை ஹாலவேக்கு அனுப்பாதே.

அனுப்பவில்லை.
இரண்டு தடவை எழுதி அழித்தேன்.
பாக்கித் தொகைக்கு பில் அனுப்பினேன்,
ஏழாம் விதியைச் சுட்டி.
அன்றே கட்டிவிட்டார்.
நன்றி வால், என்று எழுதியிருந்தார்,
அந்த நரி அழகாக இருந்தது.

வாடகை கொடுக்க இறங்கினேன்.
மேசைமேல் வைத்த போனில் திரை எரிந்தது.
தெட்சிணாமூர்த்தி கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார்.
"இதுவா ஒன் பூ?"
ஆமாம்.
"பூத்துட்டா?"
பூத்துட்டு. பறிக்க வந்தவர் போனப்புறம்.

அவர் நோட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.
தெருவில் யாரோ சைக்கிளில், தோளில் மண்வெட்டி,
வாய்க்கால் பக்கமாக,
அவசரமாக.