பன்னிரண்டு வாரம் கழித்து

முதலில் போனது கத்திரி.
கையிலிருந்து விழவில்லை,
வாயில் இல்லாமல் போனது.
செக்கிங் டேபிளில் எதிரே நின்ற மரகதத்திடம்
"அந்தக் கதவை எடு" என்றேன்.
அவள் சிரித்தாள். நானும் சிரித்தேனாம்,
பாதி வாயால்.
அதற்குள் வலது கை
பீஸ் கட்டின் மேல் கிடந்தது,
யாரோ மறந்து வைத்துப் போன கை.

முப்பத்தாறு வயது எனக்கு.
சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை.
திருப்பூரில் ஸ்கேன் பார்த்தவர்
காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.
எங்கள் வளவில் காரணத்துக்கா பஞ்சம்?
ஈரத்தலையோட வேலைக்குப் போறா.
நோம்பி சாட்டியிருக்கையில கறி தின்னா.
புள்ள நிக்காத ஒடம்பு, காத்து பூந்துக்கும்.

புள்ள நிக்காத ஒடம்பு.

கோயமுத்தூர் டாக்டரம்மா
சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றச் சொன்னார்.
தொடையெல்லாம் ஊதா வலை.
மார்கழியில் கூடும், வெயிலில் மங்கும்.
பதினாறு வருசம் பனியன் துணியைப் பார்த்துப் பார்த்து
தோலிலும் நிட்டிங் ஓடிவிட்டது என்று
நானே நினைத்ததுண்டு.
அவர் பீஸைத் திருப்புவது போலக்
காலைத் திருப்பிப் பார்த்தார்.
ஓட்டை எங்கே, நூல் விட்டது எங்கே.

"கர்ப்பம் கலைஞ்சிருக்கா?"

"இல்லீங்" என்றார் இவர்.
நான் இடது கையைத் தூக்கி
மூன்று விரல் காட்டினேன்.
ஒன்று பத்து வாரம்.
ஒன்று பதினாலு, பல்லடம் ரோட்டில், பஸ்ஸில்.
ஒன்றுக்கு நகம்கூட முளைத்திருந்தது,
எண்ணிப் பார்த்தேன்.

அப்புறம் அந்தக் காகிதம்.
முதல் கர்ப்பத்தில் எடுத்த ரத்தம்
கெட்ட சீக்கு என்று சொன்ன காகிதம்.
ஆம்பளைக்கு வந்தால் அதற்குப் பேர் பொம்பளைச் சீக்கு,
எனக்கு வந்ததற்குப் பேரே வைக்கவில்லை யாரும்.
ஊசி போட்டார்கள்.
இவருக்கு எடுத்துப் பார்த்ததில் ஒன்றுமில்லை.
அன்றிலிருந்து பதினோரு வருசம்
எங்கள் இருவருக்கும் நடுவில்
முகமில்லாத ஒருத்தன் படுத்துக் கிடந்தான்.
யார் அவன் என்று இவர் கேட்டதேயில்லை.
கேட்டிருக்கலாம்.
அப்போது என்னிடம் சொற்கள் இருந்தன.

டாக்டரம்மா காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
"இது பொய்.
இந்தச் சீக்கே இவங்களுக்கு வந்ததில்ல.
இவங்க ரத்தத்துல ஒரு கோளாறு, அதப் பாத்து
டெஸ்ட் ஏமாந்து போச்சு.
அதேதான் புள்ளைக்குப் போற வழியில உறைஞ்சுது.
அதேதான் இப்ப மூளைக்குப் போற வழியில."

கண்ணாடிக் குழாயில் பார்த்தால்
லேசில் உறையாத ரத்தமாம்,
உடம்புக்குள் மட்டும் உறையுமாம்.
வெளியே ஒன்று, வீட்டுக்குள் ஒன்று.
அப்படிச் சிலரை எனக்குத் தெரியும்.

பன்னிரண்டு வாரம் கழித்து
மறுபடி பார்த்தால்தான் உறுதி என்றார்.
அதுவரைக்கும் தினம் மாத்திரை,
கீரை தின்றால் வாரா வாரம் ஒரே அளவு.
இவர் அதற்கென்று
ஒரு குட்டித் தராசு வாங்கி வந்திருக்கிறார்.

நேற்றுப் பொழுதோடு
முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்,
என்னைப் பார்க்காமல், ஈர்க்கு ஈர்க்காக.
எனக்கு ஒரே ஒரு சொல் வேண்டியிருந்தது.
டாக்டரம்மா சொன்ன சொல்.
பொய்.
நாக்கின் நுனியில் நிறுத்தி
பலமெல்லாம் கூட்டித் தள்ளினேன்.

"பை" என்று வந்தது.

எழுந்து போய்
ஆணியில் தொங்கிய கட்டப்பையை எடுத்து வந்தார்.
ரிப்போர்ட், மாத்திரை, தண்ணி பாட்டில், சில்லறை,
எது வேண்டுமென்று
ஒவ்வொன்றாக வெளியே வைத்தார்.
நான் தலையாட்டவில்லை.
கடைசியில் அந்தக் காகிதம் வந்தது.
திரும்ப உள்ளே வைக்கவும் தெரியாமல்
கிழிக்கவும் தெரியாமல்
கீரை ஈரம் பட்ட கையில் வைத்துக்கொண்டு

"இன்னும் ஏழு வாரம் இருக்குது அம்மிணி" என்றார்.