எண்ணூற்றி எழுபது கிராம்

மருதமுனையில் றிஸ்மினின் பட்டறைக்குப் பின்னால்
மழையில் கிடந்தன பழைய அன்ரனாக் குழாய்கள்.
படம் பிடித்தது போதும், இனி
என் பாரம் பிடிக்கட்டும் என்று
நாலு கோல் வெட்டினோம். கோலுக்கு ரெண்டரை அடி.
வலத்தில் ஒரு மிதி, இடத்தில் ஒரு மிதி,
மருதம்பட்டையைக் கவ்வ இரும்புப் பல்.
கோலுக்கும் கோலுக்கும் நடுவே
என் முழங்கால் மடங்குமளவு வெறும் மரம்.

"சும்மா ஒரு ஏணி கட்டினால் என்ன?"
என்றாள் கோமளேஸ்வரி.
மரத்தோடு விட்ட ஏணி
போன போகம் களவு போனது.
தூக்கித் திரிய ஒண்ணா:
வெல்லாவெளி றோட்டிலிருந்து ரெண்டு கட்டை,
வழுக்குகிற வரம்பு,
தோளில் துவக்கு,
இடுப்பில் ஆனைவெடி ரெண்டு,
வாயில் ரோச்.

அதனால் பாரத்தோடுதான் எனக்கு வழக்கு.
ஒரு கோல் ஒன்றேகால் கிலோ.
துளை போட்டேன்.
மூன்று போட்டுத் தூக்கிப் பார்த்தேன்,
மறுகா இன்னும் மூன்று,
மறுகா
கை நிற்கவில்லை.
"போதும் மச்சான், இது குழாய், இடியப்ப உரல் இல்லை"
றிஸ்மின் துறப்பணத்தைப் பிடுங்கி வைத்தான்.

மீன்காரத் தங்கரூபியின் தராசில் தொங்கவிட்டேன்.
"இதென்ன மீன் தம்பி,
முள்ளு மட்டும்தான் கிடக்கு."
எண்ணூற்றி எழுபது கிராம்.
அன்று முழுதும் அதையே சொல்லித் திரிந்தேன்.

மிதிக்குச் சைக்கிள் ரியூப் சுற்றினேன், சத்தம் போகும்.
கொக்கியைக் கழற்றி வள்ளக் கயிறு போட்டேன், அதுவும் போகும்.
முதலிரவு பரணில் மூச்சடக்கி இருக்கிறேன்.
கதிர் சாயும் சரசரப்பு, பண்டி வருகுது,
ஒன்று, பின்னால் நாலைந்து.
அந்நேரம் பார்த்து வாடை எழும்பிற்று.
கோல் நாலும்
ஊதத் தொடங்கிற்றுகள்.
துளைக்கு ஒரு குரல்.
பண்டி நின்றது, காதைத் திருப்பியது,
கிறுகிப் போயிற்று.

"பண்டி போனால் நல்லதுதானே" என்றாள் அவள்.
"சுடுறதுக்கெல்லோ ஏறினது."
"வெள்ளாமை காக்கத்தானே ஏறினது?"
அடுப்படியில் நின்று கேட்டாள்,
நான் மெழுகுதிரி தேடிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு துளையாய் உருக்கி அடைத்தேன்.
மறுநாள் இரவு கோலில் ஒரு முணுமுணுப்பும் இல்லை.
என்னைச் சுற்றி அப்படியொரு அமைதி,
நானே செய்தது என்ற பெருமையில்
கொஞ்சம் கண்ணயர்ந்தும் போனேன்.

அமைதி எனக்கு மட்டும் இல்லை.
மரம் ஒருமுறை அசைந்தது.
கீழே இருட்டைவிடக் கொஞ்சம் தடித்த இருட்டு
முதுகு தேய்த்துக்கொண்டிருந்தது.
கயிறு அறுந்தது கேட்டது.
வெடி இடுப்பில்தான், தீப்பெட்டி சேட்டுப் பையில்தான்.
கைதான் எங்கோ.
அடிக்கோலை ஒரு பல்லுக்குச்சி போலத் தூக்கிக்கொண்டு
அவசரமில்லாமல் அது நடந்தது.
லேசாக இருந்திருக்கும்.

விடியும்வரை எனக்குக் கீழே
ஆறரை அடி வெறும் மரம்.
குதித்தேன். முழங்கால்வரை சேறு.

வாய்க்கால் கட்டில் கிடந்தது கோல்.
ஐந்தாம் துளையில் சரியாக வளைந்து,
மெழுகெல்லாம் உதிர்ந்து.
அதைக் கண்டதும் றிஸ்மின் ஒன்றும் சொல்லவில்லை,
துளையில்லாத குழாய் ஒன்றை எடுத்து வைத்தான்.
இப்போது அடிக்கோல் ஒன்றேகால் கிலோ.
வரம்பில் அந்தப் பக்கம் தோள் சாய்ந்துதான் நடக்கிறேன்.

வளைந்ததை வேலிக் கம்பியில் கட்டிவிட்டேன்.
வாடை வந்தால் ஊதுகிறது.
பண்டி இந்தப் பக்கம் வருவதில்லை,
பக்கத்து வயலுக்குப் போகிறது.
நேற்று தேவரஞ்சன் வந்து நின்றான்:
"எனக்கும் அப்படி ஒண்டு வளைச்சுத் தாவன்."

யாரிடம் கேட்கவேண்டும் என்று
காட்டுப் பக்கம் கையைக் காட்டினேன்.