மொச்சை ஊறிய இரவு

மூன்று கைப்பிடி போட்டேன், நேற்று மாலையில்.
மழை விடாது, மீன்காரர் பாலம் தாண்டி வரமாட்டார்
என்று தெரிந்துவிட்டது.
எவர்சில்வர் தூக்கில் தண்ணீர் தாராளமாக விட்டு
மூடியும் வைத்தேன்.
அதற்குப் பிறகுதான் அவர் சொன்னார்
சங்கிலி பீரோவில் இல்லை என்று.

கோட்டூர் கூட்டுறவு வங்கியில் இருக்கிறதாம்.
நடவுக்கூலி, டிஏபி, டிராக்டர்க்காரர் பாக்கி.
ரசீது சட்டைப்பையில் நனைந்து
முதல் எண் ஐந்தா எட்டா தெரியவில்லை.
எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.
விளக்கை அணைக்கப் போனேன்.
கரண்ட் எனக்கு முன்பே போயிருந்தது.

இரவு முழுக்க இரண்டு சத்தம்.
ஓட்டிலிருந்து குடத்துக்குள் விழும் சொட்டு,
தூக்குக்குள் மொச்சை தோல் விரிவது.
அதெல்லாம் காதில் விழாது என்பீர்கள்.
தூங்காதவளைக் கேளுங்கள்.

விடிந்து மூடியைத் திறந்தால்
மூன்று கைப்பிடி ஏழாகியிருக்கிறது.
சுருங்கிக் கிடந்ததெல்லாம்
குழந்தையின் காதுமடல்போலக் கொழுகொழுவென்று.
தண்ணீரில் லேசான பழுப்பு, கொஞ்சம் நுரை,
வரப்பை வெட்டினால் வருமே, அந்த வாசம்.

அவர் அதற்குள் வயலுக்குப் போய்விட்டிருந்தார்,
வடிகாலில் ஆகாயத்தாமரை அறுக்க.
கோரையாறு வயலைவிட உயரத்தில் ஓடுகிறது.
வடிய வேண்டிய தண்ணீர் எதிர்த்து வருகிறது.
நட்டு இருபத்திரண்டாவது நாள்.

மொச்சைக்கு ஒரு ராத்திரி போதும்.
பயிர் எத்தனை ராத்திரி தாங்கும்?
மூன்று என்பார்கள், நான்கு என்பார்கள்.
வேளாண்மை ஆபீசர் போனில் ஐந்து என்றாராம்.
பாவம், அவருக்கும் ஏதாவது சொல்லியாக வேண்டுமே.
வானத்திலிருந்து வந்தது ஒரே தண்ணீர்தான்.
தூக்கில் இருப்பது பருக்கிறது,
வயலில் இருப்பது அழுகுகிறது.

ஆரோக்கியமேரி வேலிக்கு மேலே கையை நீட்டினாள்,
நான்கு கத்தரிக்காய்.
'செடியே முழுகப் போவுது, பறிச்சுட்டேன். வச்சுக்க.'
காம்பில் முள் இன்னும் விறைப்பாக இருந்தது.

மிக்சி ஓடாது.
தேங்காயையும் சோம்பையும் துணியில் முடிந்து
சப்பாத்திக் கட்டையால் அடித்தேன்.
கொஞ்சம் அதிகமாகவே அடித்தேன்.

குக்கரில் மொச்சை, கல்லுப்பு.
பக்கத்து அடுப்பில் நல்லெண்ணெய் காய்ந்து
கடுகு வெடித்து, வெந்தயம் சிவந்து,
உரித்த பூண்டு முழுசு முழுசாக,
சின்ன வெங்காயம் கண்ணாடியாகும் வரை.
கத்தரிக்காய், தக்காளி, குழம்புத்தூள்.
புளியைக் கரைத்து ஊற்றும்போது
கொல்லைக் கதவு திறந்தது.

முழங்கால் வரை சேறு.
அடுக்களை வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.
குக்கர் கத்தியது.
நான் எண்ணாமல் இருந்தேன்.
மறுபடி கத்தியது.

'நாலாச்சு' என்றார்.

நேற்றிலிருந்து இந்த வீட்டில்
பேசப்பட்ட முதல் வார்த்தை.

'போன வருஷத்து மொச்சை. ஆறு வைக்கணும்.'

'சரி.'

ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் கேட்டேன்:
'எவ்வளவு?'
'எண்பத்தஞ்சு.'

எட்டுதான் அப்போ.
அடுப்பைச் சிறிதாக்கினேன்.
வெந்த மொச்சையைக் கொட்டி, நசுக்கியதைக் கலந்து
எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை
இருவரும் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
வேறெங்கே பார்ப்பது என்று தெரியாதவர்கள்போல.

சோறு ஆவி பறந்தது. குழம்பு கெட்டியாக விழுந்தது.
மாவாய்க் கரையும் மொச்சைக்கு நடுவே
எப்போதும் இரண்டு வேகாமல் இருக்கும்.
எவ்வளவு ஊறவைத்தாலும் கல்.
அவர் பல்லில் பட்டு எடுத்துத்
தட்டு ஓரத்தில் வைத்தார், பத்திரமாக,
ஏதோ கணக்கு வைப்பதுபோல.
எனக்கும் ஒன்று கிடைத்தது. அதன் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்.
பூண்டைத் தேடித் தேடித் தின்றார்.
சட்டியில் பாதி மீதம் இருந்தது.

'நாளைக்கு இன்னும் நல்லாருக்கும்' என்றேன்.
குழம்பைத்தான் சொன்னேன்.
அவர் கை அப்படியே நின்று
ஜன்னல் பக்கம் திரும்பினார்,
தூறல் நின்றுவிட்டதா என்று பார்க்க.