கழற்ற ஒன்றுமில்லை

படிவத்தில் ஒரு சொல் இருந்தது: விருப்பச் சிகிச்சை.
விருப்பம் என்றபடியால் காப்புறுதி தராது.
"கண்ணாடி போட்டால் தெரியுதுதானே" என்றான்
மனிதவளப் பிரிவுப் பொடியன்,
தன் கண்ணாடியைத் துடைத்தபடி.

தெரியுதுதான்.
வலது ஐந்தேகால், இடது ஆறு.
பன்னிரண்டு வயதில் ஒருமுறை தெரியாமல் போனது.
கடலேரியில், இடுப்பளவு தண்ணீரில், யாரோ இடித்ததில்
மூக்கிலிருந்து நழுவியது. குனிந்து தேட நேரமில்லை.
அம்மா மஞ்சள் சட்டை போட்டிருந்தா.
ஒரு மஞ்சளின் பின்னால் நடந்துகொண்டே இருந்தேன்.
கரையேறித் திரும்பிய அந்த மஞ்சள்
வேறு யாருடையவோ அம்மா.
என்னுடையவவை மூன்றாம் நாள் குரலால் கண்டுபிடித்தேன்.

காரணம் என்ற கட்டத்தில் இரண்டு சொல்தான் கொள்ளும்.
"சொந்த வசதி" என்று போட்டேன்.

கொழும்பு ஆஸ்பத்திரி முகப்பிலேயே
கடன் அட்டைக்காரருக்கு ஒரு மேசை, பூச்சாடி, ரொஃபி.
மூன்று லட்சத்து அறுபதாயிரம். இருபத்துநான்கு தவணை.
வட்டி பூச்சியம்.
இன்னொருக்கால் கேட்டேன். "பூச்சியம் மிஸ்."
நான் சிரித்தது ஏனென்று அவளுக்கு விளங்கியிராது.
கிளிநொச்சிக் கிளையில் கடன் அறவிடுகிறவள் நான்.
எங்களிடம் பூச்சியம் கடைசியில்தான் வரும்,
தொகையின் வாலில், இரண்டு மூன்றாக.

பொடி எழுத்தை வாசித்தேன்.
அதே எழுத்தை விரலால் மறைத்துக்கொண்டு
"இதில ஒப்பம் வையுங்கோ அக்கா" என்று நீட்டுகிறவளும் நான்தான்.
ஒரு தவணை பிசகினால்
முழுத்தொகைக்கும் முதல்நாளிலிருந்தே இருபத்தெட்டு வீதம்.
வைத்தேன் ஒப்பம்.

ஒரு கண்ணுக்கு இருபது செக்கன்.
"பச்சை வெளிச்சத்தையே பாருங்கோ. அசையாதேங்கோ."
மயிர் கருகுகிற மணம் வரும், பயப்பட வேண்டாம் என்றார் டொக்டர்.
அந்த மணம் எனக்குப் புதிதில்லை.
சொல்லவில்லை.

இரவு பஸ். மாங்குளம் தாண்ட விடிந்தது.
கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கினேன்.
பாலை மரத்தில் இலை இலையாக இருந்தது.
வேலிக் கம்பியில் கொண்டைக்குருவி, அதன் கொண்டை.
தேத்தண்ணிக் கடைப் பலகையில் ஒரு எழுத்துப்பிழை.
எல்லாம் எனக்கே எனக்கென்று,
மாதம் பதினைந்தாயிரத்துக்கு.

இரண்டு கிழமை புழுதிக்குள் போகக்கூடாதாம்.
வன்னியில் புழுதிக்கு வெளியே எங்கே போவது?
லீவு ஐந்து நாள். ஆறாம் நாள்
கிரவல் வீதியில் ஸ்கூட்டியை இறக்கினேன்.

செவ்வாய்க்கிழமை, கண்டாவளைப் பக்கம்.
சுகிர்தமலர். ஏழு கிழமை நிலுவை.
மூத்தவனுக்கு டெங்கு என்றா, மாடு செத்தது என்றா,
அழத் தொடங்கினா.
என் கை தன்பாட்டில் மூக்குக்குப் போனது.

அது என் பழைய வழி.
யாரும் அழுதால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன்,
ஆறுதலாக, சட்டை நுனியால்.
அவ்வளவு நேரமும் முகம் ஒரு கலங்கல்,
ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள்.
திரும்பப் போடும்போது அழுது முடித்திருப்பார்கள்.
மூன்று வருடம் இப்படித்தான் இந்த வேலை பார்த்தேன்.

விரல் வெறும் மூக்கில் நின்றது.
தெரிந்தது. கீழுதட்டில் காய்ந்த வெடிப்பு.
தோடு போன துளையில் வேப்பங்குச்சி.
நான் பார்ப்பதை அவ பார்ப்பது.

"கண்ணாடி எங்க பிள்ளை?"
"எடுத்தாச்சு அக்கா. ஒப்பரேசன்."
"கனக்க முடிஞ்சிருக்குமே?"
"தவணை."
"வட்டி?"

ஸ்கூட்டிக்குக் கீழே ஒரு கோழி நிலத்தைக் கிளறியது.
சொட்டு மருந்துக்கு நேரமாச்சு என்றேன்.
உண்மையிலேயே ஆகியிருந்தது.
கைப்பைக்குள் துழாவிய என் விரல் நடுங்க
அவவே போத்தலை வாங்கினா.
"அண்ணாந்து இருங்கோ."
முந்தானையில் கையைத் துடைத்து, இமையை விரித்து,
ஒரு துளி. மற்றதுக்கு ஒரு துளி.
"கொஞ்ச நேரம் மூடியிருங்கோ" என்றா.

மூடியிருந்தேன்.