வெறும் வண்டி

எடைப்பாலத்தை ஒட்டிய கண்ணாடி அறையில்
பதினேழு வருஷம்.
எந்த லோரி, எந்தத் தோட்டத்துப் பழம் என்று
டயர்ச் சேறு சொல்லிவிடும்.
மேட்டு மண் சிவப்பு.
ஆற்றோரப் பிளாக் என்றால் சாம்பல்.
பழத்தோடு வரும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை,
கழித்து வருவதுதான் கம்பெனிக்குக் காசு.

விடிந்ததும் ஆலை பெரிதாக ஓர் ஏப்பம் விடும்.
அவிந்த குலைகளின் வாடை
என் சட்டையைப் பிடித்துக்கொண்டு
லாபிஸ் தாமான் வீடுவரை வரும்,
தலையணையில் படுக்கும்.
யோகேஸ்வரி நாலாம் ஆண்டு படிக்கையில்
புத்தகங்களுக்கு நடுவே
ஒரு துண்டுச் சந்தனச் சோப்பு வைத்துக்கொண்டு போவாள்.
நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

சண்டை அவளுக்காகத்தான்.
என் ஈபிஎஃப் பணத்தை எடுத்து
கிள்ளானில் தாதிமைக் கல்லூரிக்குக் கட்டினேன்.
அதே பணத்தை நம்பி
சொந்த லோரிக்கு முன்பணம் பேசி வைத்திருந்தார்
என் வீட்டுக்காரர் நாகையா.
அவர் என்னைக் கேட்கவில்லை.
நானும் அவரைக் கேட்கவில்லை.
அந்த வகையில் பொருத்தமான ஜோடிதான்.

பதினாலு மாதம் பேச்சில்லை.
குழம்பை மூடி வைப்பேன்,
தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்.
மகன் கவினேஷ் ஜொகூர் பாருவிலிருந்து கூப்பிட்டால்
கைப்பேசியை மேசை நடுவில் வைப்போம்.
'உங்கப்பாகிட்ட சொல்லு, தண்ணி பில் கட்டலைன்னு.'
'அம்மா, அவரு உன் எதிர்லதானே உக்காந்திருக்காரு.'
'சொல்லு நீ.'
சொல்வான், பாவம்,
இரண்டு மணி நேரத் தூரத்திலிருந்து.

ஆனால் நாளைக்கு நாலு தரம்
என் பாலத்தில் ஏறித்தான் ஆக வேண்டும் அவர்.
சன்னலுக்குள் கை நீளும்.
சீட்டை வைப்பேன்.
விரல் படாமல் கொடுக்கவும் வாங்கவும்
இருவருக்குமே கை பழகிவிட்டது.

அவருடைய வெறும் வண்டி
எட்டாயிரத்து இருநூற்று நாற்பது.
எனக்கு மனப்பாடம், வீட்டு எண் மாதிரி.
தீபாவளி கழிந்து ஒருநாள்
இருநூற்று முப்பது காட்டியது.
டீசல் குறைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.
சீனப் பெருநாள் லீவு முடிந்து
இருநூற்று இருபது.
சேறு கழுவியிருப்பார்கள்.
மறுநாள் ஆலை பம்பில் டாங்கி நிறைய ஊற்றி
நேராக வந்து ஏறினார், நான் பார்க்கவே.
அதே இருநூற்று இருபது.
மாற்று டயர் இருந்தது.
தார்ப்பாய் இருந்தது.
கம்பிக் கொக்கிகூட இருந்தது.

பத்துக் கிலோவுக்குக் கீழே
இந்தப் பாலத்துக்குக் கண் தெரியாது.

'இறங்குங்க' என்றேன்.

பதினாலு மாதத்தில் முதல் சொல்.
திருட்டுப் பழி போடுகிறேன் என்று நினைத்திருப்பார்,
முகம் கறுத்தது.
பின்னால் மூன்று லோரி ஹார்ன் அடித்தது.
நேபாளக் காவல்காரர் குடையோடு எட்டிப் பார்த்தார்.
கதவைத் திறந்து, படியைப் பிடித்து,
ஒவ்வொரு காலாக இறங்கினார்.
சீட்டுக்குக் கீழே
காலித் தண்ணீர்ப் போத்தல்கள் ஏழெட்டு உருண்டன.
பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள்.
வீட்டில் நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

திரையில் எட்டாயிரத்து நூற்று அறுபது.

கழித்தேன்.
எட்டாம் வகுப்போடு நின்றவள்தான்,
கழித்தலில் மட்டும் தப்பு வராது.
அறுபது.
கல்யாண மாலையோடு நின்றபோதே
எண்பது கிலோ ஆள்.
அவர் அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது,
இனிப்பு நீர்.
கால் போய், பிறகு ஆளே போய்.

சீட்டை அச்சடித்துப் பின்பக்கம் எழுதினேன்:
வியாழன். அரசாங்க கிளினிக். காலை எட்டு.
வெறும் வயிறு.
சன்னலில் நீட்டினேன்.
தூரத்தில் பிடித்துப் படித்தார்,
கண்ணும் மங்கியிருக்கிறது போல.

'அன்னைக்கு லோரிய யாரு ஓட்டுறது?' என்றார்.

'நிக்கட்டும்.'

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
படியில் ஏறி உட்கார்ந்தார்.
ஹார்ன் இன்னும் நிற்கவில்லை.
திரையில் எண் கொஞ்ச நேரம் ஆடியது,
இருநூற்றுப் பத்து, இருநூற்று இருபது,
மறுபடியும் பத்து,
பிறகு நின்றது.