தொண்டைக்கட்டு

கொட்டச்சேடு திரும்பும் முன்பே
இன்றும் இருமிவிட்டு நின்றது டிராக்டர்.
பெட்ரோல் இருக்கிறது. பிளக்கில் பொறி இருக்கிறது.
பின்னால் பதினேழு மூட்டை காப்பிப்பழம்,
அதன்மேல் சேசம்மா, வெற்றிலை மடித்தபடி:
"கோவிச்சுக்கிச்சா?"

போன வாரம் சேலத்துக்கு இறக்கினோம்.
செவ்வாய்ப்பேட்டையில், மகுடபதி பட்டறையில்
பகல் முழுக்க ஓடியது.
"வண்டிக்கு ஒண்ணுமில்ல, ஓட்டறவனப் பாரு" என்றான்.
வெயிலில் நின்று சொல்வது எளிது.

இன்று பானட்டைத் தூக்கி உடனே தொட்டேன்.
சைலன்சர் சுடுகிறது.
ஒரு சாண் தள்ளி, கார்புரேட்டர் கழுத்தில்
வெள்ளையாய்ப் பனிக்கட்டி.
மூடுபனியைக் குடித்துக் குடித்து
உள்ளே தொண்டை கட்டியிருக்கிறது.

மகுடபதிக்குக் காட்டப் போனை எடுத்தேன்.
கேமரா திறப்பதற்குள்
சொட்டு, இன்னொரு சொட்டு,
அப்புறம் ஈர இரும்பு மட்டும்
ஒன்றும் அறியாததுபோல்.

சேசம்மா இறங்கி வந்தாள்.
வெற்றிலை டின்னை மடியில் கவிழ்த்துவிட்டு
வெறும் தகரத்தை நீட்டினாள்.
வெட்டி, வளைத்து, சைலன்சர்மேல் கட்டினேன்,
தன் சூட்டையே அது மூச்சாய் இழுக்க.

அதற்குப் பிறகு வழியில் நிற்கவில்லை.
வெயில் ஏறினால் கழற்ற வேண்டும்,
சித்திரையில் தருகிறேன் என்றிருக்கிறேன்.
ஒவ்வொரு வெற்றிலைக்கும்
இது எந்த மாசம் என்கிறாள்.