வெள்ளைத் தாளில் ஒன்றுமில்லை

மூன்று நாள் மழை விட்ட காலையில்
நன்மங்கலம் காப்புக்காட்டில், கம்பிவேலிக்கு உள்ளே,
காசான் புதரடியில் அது நின்றிருந்தது.
ஒற்றை ஆள்.
பழுப்புக் குடை, நடுவில் சின்னக் குமிழ்,
குமிழைச் சுற்றிச் சுருக்கம்.
விரல் வைத்தால்
சவ்வரிசிக் கஞ்சி மாதிரி வழுக்கியது.

"புத்துக்காளான்க்கா, விடாதீங்க,"
என்றார் வனக்காவலர் எத்திராஜ்.
"மொளகு போட்டு வறுத்தா
கறியே வேணாம்."
அதற்குள் துண்டை விரித்துவிட்டார்.

குந்தி உட்கார்ந்து
தண்டைச் சுற்றி மண்ணைக் கிளறினேன்.
புற்றுக்காளானின் வேர்
கறையான் வீட்டு அடுக்களை வரை போகும்.
இதற்கும் வேர் இருந்தது, போய்க்கொண்டே இருந்தது.
முதலில் பழைய எவர்சில்வர் கரண்டி,
பிறகு பெயின்ட் பிரஷ்,
கடைசியில் நகம்.
வேலிக்கு அந்தப் பக்கம்
பதினாலு மாடிக்கு
என்னைவிட வேகமாக யாரோ தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

முழங்கை ஆழத்தில் வேர் முடிந்தது.
கறையான் இல்லை.
எந்த மழையிலோ மண்மூடிப் போன மரத்துண்டு,
டீயில் ஊறிய ரஸ்க் பதத்தில்.
எத்திராஜ் துண்டை உதறித் தோளில் போட்டார்.
"அப்ப நாய்க்குடை."

பெயர் தெரியாத காளானுக்கெல்லாம்
ஊரே வைத்த ஒரே பெயர்.
எந்த நாயும் இதனடியில் ஒதுங்கி
நான் பார்த்ததில்லை.

ஆட்டோவில் டிபன் பாக்ஸ் மடியில்.
மேடவாக்கம் சிக்னலில் டிரைவர் திரும்பி,
"இட்லியா மேடம்?"
சொன்னேன்.
"சாப்பிடலாமா?"
படியேறும்போது கீழ்வீட்டு ரெஹானா:
"சாப்பிடலாமா?"
புருஷோத்தமன் கேட்கவேயில்லை.
மூடியைத் திறந்து மோந்து பார்த்து
உடனே மூடினான்.

இரவு தண்டை அறுத்துவிட்டு
குடையை மட்டும் வெள்ளைத் தாள்மேல் வைத்து
டம்ளரால் மூடினேன்.
புற்றுக்காளான் என்றால்
விடியும்போது ரோஸ் நிறத்தில் தூள் விழுந்திருக்கும்.
நாலரைக்கு எழுந்து பார்த்தேன்.
தாளில் ஒன்றுமில்லை.
சாய்த்துப் பார்த்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் படுத்த பிறகுதான்
உறைத்தது:
வெள்ளையில் வெள்ளை எப்படித் தெரியும்?

கறுப்புத் தாள் இல்லாத வீடு.
அலமாரி மேல் இருந்தது
போன ஐப்பசியில் மாடிப்படியில் வழுக்கிய
புருஷோத்தமனின் முழங்கால் எக்ஸ்ரே.
எலும்பு இல்லாத ஓரமாகப் பார்த்து
குடையை வைத்தேன்.

பத்து மணிக்கு, குக்கர் மூன்றாவது விசில் அடிக்கையில்
டம்ளரை எடுத்தேன்.
வெள்ளை.
மெல்லிய கோடு கோடாய், வட்டமாய்,
ஊதினால் போய்விடும் ஒரு சக்கரம்
மூட்டுக்குப் பக்கத்தில்.
மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.
"டாக்டர் இதைக் காட்டவே இல்லையே,"
என்றான் புருஷோத்தமன்.

செய்யக்கூடாதுதான். செய்தேன்.
ஊசிமுனையளவு கிள்ளி நுனிநாக்கில் தொட்டு
வாஷ்பேசினில் துப்பினேன்.
கசப்பு.
வேப்பம்பூக் கசப்பில் நமக்கென்று
ஏதோ ஒரு நல்லது இருக்கும்.
இது யாருக்கும் மருந்தாகும் உத்தேசம் இல்லாத கசப்பு.
நாலு முறை கொப்பளித்தும்
காபியில் வந்து உட்கார்ந்திருந்தது.

திங்கட்கிழமை கல்லூரி நுண்ணோக்கியில் பார்த்து
அளவெடுத்து, படம் வரைந்து அனுப்பினேன்.
ஷெர்லி ஞானமுத்து மேடம் உடனே கூப்பிட்டார்.
"எங்கே எடுத்தே? நிஜமாவா?
இந்தப் பக்கம் ஒரே ஒருமுறைதான் பதிவு.
அதுவும் எனக்குச் சந்தேகம்தான்."
இருபது வருஷச் சந்தேகம் தீர்ந்தவர்
சந்தோஷத்தில் என்னைத் திட்டினார்,
நாக்கில் வைத்ததற்கு.

பதிவுப் படிவத்தில் எழுதினேன்:
அரிது. உண்ணத் தகாதது.
இருந்தது ஒன்று; அதையும் எடுத்தாயிற்று
என்று எழுத அதில் கட்டம் இல்லை.

வியாழக்கிழமை எத்திராஜ் போன் செய்தார்.
"அக்கா, அதே காசான்கிட்ட இன்னொண்ணு மொளச்சிருக்கு.
யாரும் மிதிக்காம
சுத்தி நாலு கல்லு வச்சிருக்கேன்.
இன்னா பேரு சொன்னாங்க அதுக்கு?"

லத்தீன் பெயரை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.
போனில் மழை கேட்டது.
"அவ்ளோ பெருசால்லாம் இல்லக்கா," என்றார்,
"இத்தினூண்டுதான் இருக்குது."